விவாத இழை: நடந்தது சிரிப்பு, எழுதியது சப்பென்று இருக்கிறது. எங்கே தவறுகிறது?

கடைசிப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

அன்றாட வாழ்க்கையிலிருந்து நகைச்சுவைக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களிடம் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. நடந்தது சிரிப்பான விஷயம்தான். வாயால் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். தாளில் வந்ததும் உயிர் போய்விடுகிறது. பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரு கற்பனைக் காட்சியை நடுவில் வைத்துக்கொள்வோம். கல்யாண மண்டப வாசல், மொய் மேசை. புதிதாக எழுதுகிறவர் எப்படி எழுதுவாரோ அப்படியே கொடுத்திருக்கிறேன்:

"கல்யாண வீடு என்றாலே கலாட்டாவுக்குப் பஞ்சமிருக்காது. அன்று மொய் எழுதும் இடத்தில் ஒரு சுவாரசியமான சம்பவம் நடந்தது. ஒரு பெரியவர் தன் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாவற்றையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தார். நோட்டில் இடமே போதவில்லை. கடைசியில் அவர் வைத்ததோ வெறும் ஐம்பத்தொரு ரூபாய்! அதைக் கேட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்!!"

வரிவரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். "அருமை" மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

பென்சில்சீவி

முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் அடித்துவிடலாம். சுவாரசியமான சம்பவம் என்று அறிவித்த உடனே வாசகர் "எங்கே, பார்ப்போம்" என்று கையைக் கட்டிக்கொள்வார். அதன்பிறகு அவரைச் சிரிக்கவைப்பது இரட்டை வேலை.

கடைசி வாக்கியம் அதைவிட மோசம். காட்சிக்குள் இருப்பவர்கள் சிரித்துவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை. உள்ளே யாரும் சிரிக்கக் கூடாது. அவரவர் காரியத்தில் மும்முரமாக இருக்க வேண்டும். எழுதுகிறவருக்கு வரிசை நகர வேண்டும், பின்னால் நிற்பவருக்கு முதல் பந்தி போய்விடக் கூடாது, பெரியவருக்குத் தன் பெயர் சரியாக ஏற வேண்டும். மூன்று பேருக்கும் அவசரம், மூன்றும் வேறு வேறு அவசரம். அதை மட்டும் காட்டினால் போதும்.

"வெறும்", "ஐம்பத்தொரு ரூபாய்!" என்பதில் வரும் ஆச்சரியக்குறி, "வைத்ததோ" என்பதில் வரும் ஓகாரம், மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: இங்கே சிரி என்று வாசகரின் தோளைத் தட்டுகின்றன. மூன்றையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். சிரிப்பு மிச்சமிருந்தால் காட்சியில் சரக்கு இருக்கிறது. மிச்சமில்லை என்றால் குறி போட்டு ஒப்பேற்ற முடியாது.

திண்ணைவாசி

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. பெரியவர் ஏன் அடம்பிடிக்கிறார்? காரணம் எங்கேயும் இல்லை. காரணமில்லாமல் அடம்பிடிக்கிறவர் கேலிப்பொருள் ஆகிவிடுவார், பாத்திரம் ஆகமாட்டார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் எள்ளலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மற்ற மூன்றும் அப்படியே கிடக்கின்றன. அன்றாட வாழ்க்கையில் அதிகம் விளைவது கடைசியில் சொன்ன மடன்தான். உரைகாரர்கள் அதற்குத் தரும் விளக்கம் "கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை". ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. பிடித்துக்கொண்ட விஷயத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்துவிட்டால் சிரிப்பு ஆழமாகிறது.

மொய் என்பது திரும்பி வர வேண்டிய பணம். நாளைக்குப் பெரியவர் வீட்டில் விசேஷம் என்றால் இந்த வீட்டார் இதே நோட்டைப் புரட்டித்தான் செய்முறை செய்வார்கள். ஊரில் நாலு பேருக்கு ஒரே பெயர் என்றால் வேறொருவர் கணக்கில் போய்விடும். அவர் கவலை நூற்றுக்கு நூறு சரி. கவலையின் அளவுக்கும் தொகையின் அளவுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் சிரிப்பு. காரணத்தைச் சொல்லாவிட்டால் அந்த இடைவெளியே தெரியாது.

மோர்மிளகாய்

வாக்கிய அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் பாதிச் சிரிப்பு சாவது இங்கேதான்.

தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. சிரிப்பு வரவேண்டிய சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல், இல்லையென்றால் எண். அது வினைக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறது. இந்தப் பெரியவரையே இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: "தொகைக்கு ரெண்டு இலக்கத்துக்கு இடம் இருந்தால் போதும் என்று பெரியவர் பொறுமையாகச் சொன்னார்." வெடிக்க வேண்டியது "ரெண்டு இலக்கம்". அதற்குப் பிறகு ஏழு சொல் வருகிறது. வாசகர் சிரிக்க வாயெடுக்கும்போது "பொறுமையாகச் சொன்னார்" குறுக்கே வந்து நிற்கிறது.

இதற்கு வழிகள் உண்டு. ஒன்று, பேசுகிறவர் யார் என்பதை முன்னாலேயே ஒரு செயலாகச் சொல்லிவிடுவது: "பெரியவர் குனிந்து நோட்டைப் பார்த்தார்." அடுத்த வரி பேச்சு மட்டும். "என்று சொன்னார்" தேவையே இல்லை. இரண்டு, வினையாலணையும் பெயரை முன்னால் தள்ளுவது: "அவர் கொண்டுவந்தது ஒரு பூட்டு" என்று பெயரில் முடிக்கலாம். "அவர் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார்" என்பதைவிட இது கூர்மை. ஆனால் ஒரு பக்கத்தில் இதை ஒருமுறைக்கு மேல் செய்தால் வித்தை தெரிந்துவிடும். மூன்று, வாக்கியத்தை இரண்டாக வெட்டி, இரண்டாவதை வினையில்லாமல் விடுவது. பேச்சுத் தமிழில் நாம் தினமும் செய்வதுதான்.

இன்னொன்று, வெடிக்கும் சொல்லை அதற்கு முன்பு எங்கேயும் பயன்படுத்தக் கூடாது. கடைசிப்பக்கம் கொடுத்த மாதிரியில் "தொகை" என்ற பேச்சே கடைசிவரை வராதது நல்லது.

வடலி

யாழ்ப்பாணத் தமிழில எழுதுறவைக்கும் இது பொருந்தும். கேலிச்சித்திரக்காரர் சுந்தர் 1963இல் தொடங்கின சிரித்திரன் எண்ட நகைச்சுவைச் சஞ்சிகையை எடுத்துப் பாருங்கோ. சவாரித்தம்பர், மெயில்வாகனத்தார் எண்டு நிலையான ஆக்கள். வாசிக்கிற ஆளுக்கு அவையின்ர குணம் முன்னமே தெரியும். அதால கேலிச்சித்திரத்துக்குக் கீழ இரண்டு வரி போதும். புதுசா ஒரு ஆளைக் கொண்டுவாற கட்டுரைக்கு அந்த வசதி இல்லை. குணத்தை நீங்கள் முதல் ஆறேழு வரிக்குள்ளயே நிறுவ வேணும்.

விளிக்கிற முறையையும் கவனியுங்கோ. எங்கட பக்கம் நீங்கள், நீர், நீ எண்டு மூண்டு படி இருக்கு. வேலிச் சண்டையில ஒருத்தர் "நீர்" எண்டதில இருந்து "நீ" எண்டதுக்கு இறங்கிற இடத்தைச் சரியாப் போட்டால், கோபம் வந்தது எண்டு எழுதவே தேவையில்லை. பிறகு அரியண்டம் தாங்காமல் "நீங்கள்" எண்டு மேல ஏறினால் அது இன்னும் வலு.

கடைசிப்பக்கம்

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறேன். வட்டாரம் மதுரைப் பக்கம்.

எழுதுகிறவர் தலையைத் தூக்கவில்லை. வாடிப்பட்டி மாரிமுத்து ஆயிரத்தொன்று, ரைஸ்மில் பாண்டி ஐநூற்றொன்று, மேலத்தெரு சுப்பையா ஐநூற்றொன்று. ஆளுக்கு ஒரு வரி.

"பேரு?"

"ராமையா. சும்மா ராமையான்னு எழுதிராதீங்க. நம்ம ஊர்ல நாலு ராமையா. கிழக்குத்தெரு ராமையான்னு போடுங்க."

போட்டார்.

"கிழக்குத்தெருவுலயே ரெண்டு பேரு. கருப்பையா மகன்னு சேத்துக்கங்க."

சேர்த்தார்.

"அந்த இன்னொருத்தன் அப்பன் பேரும் கருப்பையாதான். வைத்தியர் வீட்டுக்கு எதிர்வீடுன்னு ஒரு வார்த்தை."

எழுதுகிறவர் பேனாவை நோட்டின் ஓரத்தில் நிறுத்தினார். "ஐயா, தொகை எழுத இடமில்ல."

பெரியவர் குனிந்து நோட்டைப் பார்த்தார்.

"தாராளமா இருக்கே. எனக்கு ரெண்டு இலக்கம்தான்."

பென்சில்சீவி

இது வேறு ஆளாகிவிட்டது. ஐம்பத்தொன்று என்ற எண்ணே காணாமல் போனதுதான் பெரிய லாபம். வாசகரே கூட்டிப் பார்த்துக்கொள்கிறார். தானாகக் கண்டுபிடித்ததற்குத்தான் மனிதன் சிரிப்பான். மூன்று பேர் தொகையை முன்னால் வரிசையாகச் சொன்னதால்தான் "ரெண்டு" உறைக்கிறது. அந்த வரிசையை எடுத்துவிட்டால் கடைசி வரி யாருக்கும் புரியாது. மூன்றும் ஒரே நீளத்தில், ஒரே தொனியில் இருப்பதை மாற்ற வேண்டாம். அங்கேயே வேடிக்கை காட்டினால் தளம் சரியாக அமையாது.

ஒரு திருத்தம். "இலக்கம்" இந்தப் பெரியவர் வாயில் வராது. "எனக்கு ரெண்டு நம்பர்தான்." அதுதான் பேச்சு.

திண்ணைவாசி

"நம்பர்" சரி. வட்டார வழக்கில் ஒரு எச்சரிக்கை. பேச்சை ஒலித்தபடியே முழுக்க எழுத்தில் கொண்டுவர முயல வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டி வந்தால் சிரிப்பு ஓடிவிடும். ஒரு வாக்கியத்துக்கு ஒன்றிரண்டு அடையாளம் போதும். இங்கே "எழுதிராதீங்க", "சேத்துக்கங்க" இரண்டும் ஊரைக் காட்டிவிடுகின்றன. தெரியாத வழக்கைத் தொடவே வேண்டாம். திருநெல்வேலிக்காரர் வாயில் கோயம்புத்தூர்ப் பக்கத்து "ஏனுங்க"வை வைத்தால் இரண்டு ஊர்க்காரர்களும் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

வழக்கையே கேலிப்பொருள் ஆக்குவதும் கூடாது. இந்த ஆள் இப்படிப் பேசுகிறார், அதனால் சிரியுங்கள் என்பது நகைச்சுவை இல்லை. பல வேளைகளில் அது ஒரு சாதியையோ ஒரு தொழிலையோ மறைமுகமாகச் சுட்டுகிறது. நிறம், உடம்பு, ஊனம் இவையும் அப்படித்தான். வாராவாரம் இதைப் பார்த்துச் சலித்துவிட்டது. எழுதுகிறவருக்கு ஒரு சிரிப்பு கிடைக்கிறது. அதைப் படிக்கும் யாரோ ஒருவருக்கு நாள் முழுக்க வலிக்கிறது.

கூட்ஸ்வண்டி

காட்சி கையில் இருந்தால் திருத்தலாம். காட்சிகளை எங்கே பொறுக்குவது? எப்படிக் குறித்துவைப்பது? "கண்ணைத் திறந்து பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

மோர்மிளகாய்

ஒரு விதி ஒரு மனிதர்மேல் வந்து மோதும் இடங்களுக்குப் போங்கள். ரேஷன் கடையில் கைரேகை பதியாத விரல். வங்கியில் பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வரிசை. ரயிலில் லோயர் பெர்த் கேட்டு நடக்கும் பேச்சுவார்த்தை. ஷேர் ஆட்டோவில் "இன்னும் ஒரு ஆள் உக்காரலாம்" என்று சொல்லப்படும் தருணம். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழு. இந்த இடங்களில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று வேண்டும், ஏதோ ஒன்று தடுக்கிறது, யாரும் அங்கிருந்து எழுந்து போக முடியாது.

குறிப்பு எடுக்கும்போது "ரேஷன் கடை, செம காமெடி" என்று எழுதினால் மறுவாரம் உங்களுக்கே ஒன்றும் நினைவிருக்காது. நான்கு விஷயம் மட்டும் போதும்: யார், என்ன வேண்டும், எது தடுத்தது, சொன்ன வார்த்தை அப்படியே. நாலாவதுதான் உயிர். வார்த்தை அன்றைக்கே குறிக்கப்பட வேண்டும். ஒரு இரவு தாண்டினால் அது உங்கள் நடைக்கு மாறிவிடும், அவர் நடை போய்விடும். கூடவே ஒரு பொருளையும் குறித்துவையுங்கள். கையில் இருந்த மஞ்சள் பை, காதில் செருகிய பேனா, ஏதாவது ஒன்று. எழுதும்போது அந்தப் பொருள்தான் ஆளை நிறுத்தும்.

எதை விடுவது என்பதும் முக்கியம். யாரோ வழுக்கி விழுந்தார், யாரோ தவறான பஸ்ஸில் ஏறினார் போன்றவை நேரில் பார்த்தால்தான் சிரிப்பு. அதில் வார்த்தை இல்லை, தர்க்கம் இல்லை. எழுத்தில் எடுபடாது.

பென்சில்சீவி

வாட்ஸப் குழுவைத் தொட்டதால் நடை பற்றி ஒரு வார்த்தை. விஷயம் சின்னது, நடை பெரிது. இந்தப் பொருத்தமின்மை தமிழில் நன்றாக எடுபடும், ஏனென்றால் நம்மிடம் அலுவலக நடை என்று ஒன்று தனியாகவே இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு சங்க அறிவிப்பு:

"இரண்டாம் தளத்தில் வைக்கப்பட்டிருந்த மேற்படி செருப்பில் இடது கால் மட்டும் காணவில்லை. வலது கால் சங்க அலுவலகத்தில் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளது. உரியவர் இடது காலுடன் வந்து அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்."

மூன்று வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கிறேன். இந்த வகை ஐந்தாறு வரிக்கு மேல் தாங்காது. பொருத்தமின்மை பழகிவிட்டால் வெறும் அலுவலகக் கடிதம் ஆகிவிடும். எழுதுகிறவர் நடுவில் எட்டிப்பார்த்துக் கண்ணடிக்கவும் கூடாது. அறிவிப்பை எழுதிய செயலாளர் முழு அக்கறையோடு எழுதுகிறார் என்று நம்பி எழுத வேண்டும்.

கூட்ஸ்வண்டி

கொஞ்சம் மிகைப்படுத்தலாமா? பெரியவர் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்வரை போனால்?

திண்ணைவாசி

கூடாது என்பேன். மூன்று படிதான் இருக்கிறது: தெரு, அப்பா, எதிர்வீடு. ஒவ்வொரு படியும் முந்தையது போதாமல் போனதால் வருகிறது. கொள்ளுத்தாத்தா வந்தால் தேவை போய் விளையாட்டு ஆகிவிடும். நாலாவது படி ஏறினால் வாசகர் முன்னாலேயே ஊகித்துவிடுவார்.

மிகையைவிட வழக்கம் பிசகாமல் இருப்பது பெரிது. மொய் ஒன்றில் முடியும்: 51, 101, 501. ஐம்பது என்று எழுதினால் ஊர்க்காரர் அங்கேயே நின்றுவிடுவார். இப்போது மதுரைப் பக்கம் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீது கொடுக்கிறார்கள். அங்கே இந்தக் காட்சி நடக்காது, ஓரம் தீரும் நோட்டுதான் இதற்கு ஆதாரம். எனவே முதல் வரியிலேயே நோட்டு கண்ணில் பட வேண்டும். கடைசிப்பக்கம், உங்கள் முதல் வரியில் அது இல்லை. "எழுதுகிறவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை" என்று மாற்றுங்கள்.

வடலி

மிகை வேணுமெண்டால் முழுக் கட்டுரைக்கும் ஒண்டு. அதையும் கதை சொல்லுறவர் தன்ர வாயால சொல்லட்டும், பாத்திரத்தின்ர பேச்சில வேண்டாம்.

சிலேடை பற்றியும் ஒருத்தரும் தொடேல்லை. காளமேகம் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவில சிலேடை பாடினது எல்லாருக்கும் தெரியும். அங்க சிலேடைதான் பாட்டு, கேக்கிறவர் அதுக்கெண்டே காத்திருக்கிறார். கட்டுரையில அது இடையில வந்து விழுகுது. வாசிக்கிறவர் நிண்டு, பிரிச்சு, விளங்கி, பிறகுதான் சிரிக்க வேணும். பாத்திரம் தெரியாமல் சொல்லிப்போட்ட சிலேடை எண்டால் எடுபடும். எழுதுறவர் கெட்டித்தனம் காட்டினால் எடுபடாது.

கடைசிப்பக்கம்

நீளம் பற்றிப் பலர் தனியாகக் கேட்கிறார்கள். என் கணக்கு: பத்திரிகையில் ஒரு பக்கம் என்றால் 500 முதல் 600 சொல். முதல் வரைவு 900 சொல் வரை போகலாம், மூன்றில் ஒரு பங்கு வெட்டத்தான் போகிறீர்கள். வெட்டவேண்டியது பெரும்பாலும் முன்னால்தான் இருக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பியது, பஸ் கிடைக்காதது, பட்டுவேட்டி தேடியது எல்லாம் போகட்டும். மேசையில் தொடங்குங்கள்.

சுருக்கப் பழக நல்ல பயிற்சி, இரண்டு பேர் பேசும் சிரிப்புத் துணுக்கு. தலைவர், டாக்டர், மன்னர், கபாலி என்று நம் வாரப் பத்திரிகைகள் நிலையான ஆட்களை வைத்திருக்கின்றன. அறிமுகம் தேவையில்லை என்பதால் இருபது இருபத்தைந்து சொல்லில் முடிக்கலாம். ஒரே விஷயத்தைப் பத்துத் துணுக்காக எழுதுங்கள். எட்டு தேறாது. மீதி இரண்டும் எங்கே முடிக்கவேண்டும் என்பதைக் கைக்குப் பழக்கிவிடும். ஆனால் துணுக்குகளை அடுக்கினால் கட்டுரை ஆகாது. கட்டுரைக்கு ஒரே ஆளின் ஒரே பிடிவாதம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓடவேண்டும்.

மோர்மிளகாய்

சோதிக்கும் முறை: எழுதியதை ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் சொல் அதிகம். அதன்பின் இரண்டு பேரிடம் அச்செடுத்துக் கொடுத்து, சிரிப்பு வந்த இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் நினைத்த வரிக்கு முந்தைய வரியில் கோடு விழுந்தால், விஷயம் முன்னாலேயே கசிந்துவிட்டது. கோடே விழாமல் "புரியல" என்றால், தேவையான தகவல் ஒன்று விடுபட்டிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. முன்னதில் வெட்ட வேண்டும், பின்னதில் சேர்க்க வேண்டும்.

கூட்ஸ்வண்டி

பக்கத்து வீட்டுக்காரரை வைத்து எழுதினால் சிக்கல் வராதா?

திண்ணைவாசி

வரும். ஊர், தொழில், உறவு மூன்றையும் மாற்றுங்கள். பிடிவாதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான். அடையாளம் தெரியும்படி எழுதி ஒருவர் பெயரைக் கெடுத்தால் அவதூறு வழக்கு வரலாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. சிரிப்புக்குத்தான் எழுதினேன் என்பது தானாகவே விலக்கு ஆகிவிடாது. சட்டத்தை விடுங்கள். அவர் இதைப் படித்தால் நம் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் படித்தால் "ஆமா, நாலு ராமையா இருக்கோம்ல" என்றுதான் சொல்வார். அப்படி வரவேண்டும்.

பென்சில்சீவி

முடிவு இன்னும் பாக்கி. "ரெண்டு நம்பர்தான்" என்பதோடு நிறுத்துவதா, மேலே ஒன்று வைப்பதா? எனக்குத் தோன்றியது: பெரியவர் போகும்போது திரும்பி, "மைக்குல பேரை மட்டும் படிச்சாப் போதும்" என்கிறார்.

மோர்மிளகாய்

வரி நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த ஆளுக்கு ஆகாது. இதுவரை அவருக்குத் தொகையில் வெட்கமே இல்லை, அதனால்தான் அவ்வளவு இயல்பாகச் சொன்னார். மைக் வரி வந்தால் வெட்கப்படுகிறவர் ஆகிவிடுகிறார். முந்தைய சிரிப்பையும் அது கெடுத்துவிடும். மேலே ஒன்று வைக்கவேண்டும் என்றால் தொகையிலிருந்து எடுக்கக் கூடாது, பெயரிலிருந்து எடுங்கள். முதலில் விதைத்தது அதுதானே.

கடைசிப்பக்கம்

அப்படியானால் இப்படி:

எழுதுகிறவர் 51 போட்டுக் கோடு இழுத்தார். அடுத்தவர் முன்னால் வந்தார்.

"பேரு?"

"ராமையா."

மோர்மிளகாய்

இதுதான். ஆனால் முதல் வரியில் 51ஐ நீங்களே மறுபடி சொல்லிவிட்டீர்கள். "எழுதுகிறவர் கோடு இழுத்தார்" போதும். அந்த எண்ணை எடுத்துவிட்டு முழுதாக ஒருமுறை இங்கே போடுங்கள், சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன்.